ஈரம்பட்ட தானியமும் பூஞ்சை நஞ்சும்

(ரமளானுக்கு முன்பாக நம் அறக்கட்டளை நடத்திய நலவாழ்வுக் கூட்டத்தில், வியாபாரிகள், தொண்டர்கள், தாய்மார்கள் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)





இன்னும் சில வாரங்களில் ரமளான் வந்துவிடும். நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் வந்து இறங்கும். ஏழைக் குடும்பங்களுக்கு மளிகைப் பை கட்டுவார்கள். பெருநாளுக்கு முன்னால் பித்ரா அரிசி பிரித்துக் கொடுப்பார்கள். வேறு எந்த மாதத்திலும் இல்லாத அளவுக்கு நாம் அடுத்தவர்களுக்காகத் தானியம் வாங்குகிற மாதம் அது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு உணவில் சேரும் பூஞ்சை நஞ்சைப் பற்றிப் பேசச் சொன்னபோது, கூட்டத்தை ரமளானுக்கு முன்பே வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மூட்டை வந்து இறங்கிய பிறகு பேசிப் பயனில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் கடையைப் பார்க்க எழுந்து போகிறவர்களுக்கும் அது போய்ச் சேரட்டும். தானியத்திலும் கடலையிலும் ஈரம் தங்கினால் பூஞ்சனம் பிடிக்கும். அந்தப் பூஞ்சனத்தில் ஒரு வகை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சைக் கழுவியும் போக்க முடியாது, வேகவைத்தும் போக்க முடியாது. உள்ளே வராமல் தடுப்பது ஒன்றுதான் வழி. தடுக்காமல் விட்டால் அது கடைசியில் போய்ச் சேருவது மிகவும் மலிவான மூட்டையை வாங்குகிறவர் வீட்டு உலையில்.

ஆலிம்கள் இருக்கும் சபை. அவர்கள் பலமுறை சொல்லிக் கேட்ட ஒரு நிகழ்ச்சியை என் துறைக் கண்ணால் பார்த்துச் சொல்ல அனுமதி வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகும்போது அதற்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கண்டித்து, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நேர்மையைப் பற்றிய பாடமாகத்தான் இதைக் கேட்டு வந்திருக்கிறோம். தானியம் சோதிக்கிறவனுக்கு இதில் இன்னொரு செய்தியும் தெரியும். மேலே பார்த்து அவர்கள் முடிவு செய்யவில்லை. குவியலின் உள்ளே கையை விட்டார்கள். குவியலில் மேல்பகுதி காற்றுப் பட்டு முதலில் காயும். ஈரமும் சூடும் தங்குவது உள்ளேதான். பூஞ்சனம் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். மண்டியில் குத்தூசி வைத்திருப்பதும் இதற்காகத்தானே.

இனி அந்த நஞ்சைப் பற்றி. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. என்ன நோய் என்றே தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். தேடிப் பார்த்தபோது, எல்லாப் பண்ணைகளுக்கும் பொதுவாக இருந்தது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. ஆஸ்பர்ஜில்லஸில் உள்ள 'அ', ஃப்ளேவஸில் உள்ள 'ஃப்ளா', நஞ்சைக் குறிக்கும் 'டாக்சின்', மூன்றும் சேர்ந்து அஃப்ளாடாக்சின் ஆயிற்று. மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் கடலையின் மேல் பொடிப்பொடியாகப் படர்வதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

வான்கோழியோடு நின்றிருந்தால் நாம் இங்கே கூடியிருக்க வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டு, ராஜஸ்தானில் பான்ஸ்வாரா மாவட்டமும் குஜராத்தில் பஞ்சமகால் மாவட்டமும். இரண்டும் ஒட்டிக் கிடக்கும் பழங்குடிப் பகுதிகள். மக்காச்சோள ரொட்டிதான் அவர்களுக்கு மூன்று வேளையும். அந்த வருடம் அறுவடை நேரத்தில் பருவம் தப்பிய மழை. கதிர்கள் நனைந்தன. நனைந்த கதிரைச் சரியாகக் காயவைக்க வழியில்லாமல் வீட்டில் சேர்த்து வைத்துச் சாப்பிட்டார்கள். ஊர் ஊராக மஞ்சள் காமாலை வந்தது. வயிற்றில் நீர் கோர்த்து வீங்கியது. 397 பேர் நோயில் விழுந்தார்கள், 106 பேர் இறந்தார்கள். அதே வீடுகளின் நாய்களுக்கும் அதே நோய் வந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, அந்த வீடுகளின் சோளத்தில் கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை அஃப்ளாடாக்சின் இருந்தது. இன்று நம் நாட்டுச் சட்டம் தானியத்துக்கு அனுமதிக்கும் அளவோடு ஒப்பிட்டால் 400 மடங்கிலிருந்து 1,000 மடங்கு.

தானியம் பூஞ்சனம் பிடித்தது என்று அந்த மக்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். வேறு தானியம் வாங்கக் காசில்லை. இந்த விஷயத்தில் நஞ்சுக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுவது இதைத்தான்.

இது ஏதோ பழைய கதை, காட்டுப் பகுதியின் கதை என்று நினைக்க வேண்டாம். 2004இல் கென்யாவின் கிழக்குப் பகுதியில் இதே நோய் வந்தது. 317 பேர் பாதிக்கப்பட்டார்கள், 125 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஈரம் காயாத மக்காச்சோளம்தான். அதிகாரிகள் வீட்டுச் சோளத்தோடு நிற்காமல் கடைவீதிகளுக்கும் போனார்கள். 65 சந்தைகளில் வாங்கிய மாதிரிகளைச் சோதித்தார்கள். பாதிக்கும் மேலே, 55 சதவீதம், அந்த நாட்டுச் சட்ட வரம்பைத் தாண்டியிருந்தது. 7 சதவீதத்தில் வரம்பைப் போல 50 மடங்குக்கும் மேல். விவசாயி வீட்டில் கெட்ட சோளம் சந்தைக்கு வந்து, வேறு ஊர்க்காரர் கூடைக்குள் போயிருந்தது.

இப்படி ஊரே விழுந்தால் பத்திரிகையில் வரும். நமக்கு நேரக்கூடியது பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, பல வருடங்கள், யாருக்கும் தெரியாமல் உள்ளே போவது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளாடாக்சினை முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் ஐயமில்லாதவை அந்தத் தொகுதியில் இருப்பவை. அது தாக்கும் உறுப்பு ஈரல். ஏற்கெனவே ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் உள்ளவருக்கு இது இரட்டை இடி. ஷாங்காயில் 18,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல வருடம் கவனித்து வந்த ஓர் ஆய்வில், அஃப்ளாடாக்சின் மட்டும் உடலில் சேர்ந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வாய்ப்பு 3 மடங்குக்குச் சற்று மேல். கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 10 மடங்கு என்றுதானே எதிர்பார்ப்போம்? கண்டது 59 மடங்கு.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் ஊசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரசவத்துக்குப் போகிற பெண்ணோடு துணைக்குப் போகும் உம்மாவோ மாமியோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தானியத்தில் உள்ள நஞ்சை அந்த ஊசி ஒன்றும் செய்யாது. ஆனால் நஞ்சோடு கைகோக்கிற கூட்டாளியைத் தடுத்துவிடும்.

குழந்தைகளைப் பற்றி இன்னொன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின், டோகோ நாடுகளில் சிறு குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, அஃப்ளாடாக்சின் அதிகம் இருந்த பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரமும் எடையும் இல்லாமல் இருந்தார்கள். தாய்ப்பால் மறந்து கூழுக்கு மாறிய பிள்ளைகளிடம் அளவு கூடியிருந்தது. நாம் வீட்டில் கடலையும் தானியமும் வறுத்து அரைத்துச் சத்துமாவு கொடுக்கிறோம், நல்லதுதான். அதில் போகும் கடலை எந்தக் கடலை என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது? தானியத்திலும் பருப்பிலும் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியே தின்னும் கடலைக்கு 10. இது எவ்வளவு சிறிய அளவு என்றால், ஒரு டன் அரிசியில் 15 மில்லிகிராம். ஒரே ஓர் அரிசிமணியின் எடைகூட அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆகையால் கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ அளவு சொல்ல யாராலும் முடியாது. பூஞ்சனம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆபத்து என்று சொல்லலாம். தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது. பூஞ்சனத்தைத் துடைத்து, மறுபடி வெயிலில் காயவைத்து, பாலிஷ் போட்டு மூட்டை கட்டினால் பூஞ்சனம் போய்விடும். அது சுரந்து விட்டுப் போன நஞ்சு தானியத்துக்குள்ளேயே இருக்கும்.

இப்போது கடலைக்கு வருகிறேன். நம் பகுதியில் நான் அதிகம் கவலைப்படுவது நிலக்கடலையைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடலைக்குப் பூஞ்சை மண்ணிலேயே இருக்கிறது. காய் முற்றும் கடைசி மூன்று நான்கு வாரத்தில் மழை இல்லாமல் செடி வாடினால், பூமிக்கு அடியிலேயே காய்க்குள் புகுந்துவிடும். புழு துளைத்த காய், மண்வெட்டி பட்ட காய் என்றால் இன்னும் எளிது. பிடுங்கியபின் செடியோடு குவித்துப் போட்டால் உள்ளே சூடேறும். இவ்வளவையும் தாண்டி நன்றாகக் காய்ந்து, காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கிற பதத்துக்கு, அதாவது 8 சதவீத ஈரத்துக்கு வந்த கடலையை, பிறகு நாமே கெடுக்கிற ஓர் இடம் இருக்கிறது. மெஷினில் தோல் உடைக்கும்போது பருப்பு பிளந்துவிடாமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். பருப்பு முழுசாக வரும், எடையும் கூடும். அந்த ஈரத்தோடு சாக்கில் கட்டி அடுக்கினால், விவசாயி பட்ட பாடெல்லாம் வீண். எந்த ஊர், எந்த மில் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் கடலை வியாபாரிகள் தலையை ஆட்டுவது எனக்குத் தெரிகிறது.

அடுத்தது, எல்லாக் கடலையிலும் நஞ்சு சமமாக இருக்காது. ஒரு மூட்டையில் ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்கும். ஒரே ஒரு பருப்பில் மூட்டை முழுவதையும் வரம்புக்கு மேலே தூக்கிவிடும் அளவு இருக்கும். அந்தப் பருப்பு பெரும்பாலும் சுருங்கியது, நிறம் மாறியது, சொத்தை, உடைந்தது. அதனால் பொறுக்கி எடுப்பது மிகவும் பயனுள்ள வேலை. ஏற்றுமதிக்காரர்கள் மேசை போட்டுப் பெண்களை உட்கார வைத்துப் பொறுக்க வைக்கிறார்கள். வசதியானவர்கள் நிறம் பிரிக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் நேரடியாக உண்ணும் கடலைக்கு வரம்பு 4 மைக்ரோகிராம். தாண்டினால் கப்பலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நல்லது. பொறுக்கித் தள்ளிய கடலை எங்கே போகிறது?

குப்பைக்குப் போவதில்லை. அதற்கும் ஒரு விலை இருக்கிறது. எண்ணெய் ஆட்டப் போகிறது, பொடியாகப் போகிறது, மலிவான வறுகடலையிலும் கலவையிலும் போகிறது, மாட்டுக்குப் போகிறது. வெளிநாட்டுக்காரர் தட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கியதை நம் தெருப் பிள்ளை காகிதப் பொட்டலத்தில் வாங்கித் தின்னும். ஏற்றுமதி செய்கிறவரை நான் குறை சொல்லவில்லை. தள்ளுபடிச் சரக்கை உண்ணும் பொருளாக வாங்குகிறவரும் விற்கிறவரும் அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்ளட்டும்.

எண்ணெயாக ஆட்டினால் நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கிவிடும். எண்ணெயில் கொஞ்சம் வரும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடுகிறது. செக்கு எண்ணெயில் நீங்காது. செக்கு எண்ணெயே கூடாது என்று சொல்கிறேன் என்று யாரும் ஊருக்குள் சொல்லிவிட வேண்டாம்! நல்ல கடலையை ஆட்டினால் செக்கு எண்ணெய் நல்ல எண்ணெய்தான். உங்கள் கண்முன்னே எந்தக் கடலை செக்கில் விழுகிறது என்று பாருங்கள். இன்னொன்று, நம் பாட்டிமார்கள் ஆட்டி வந்த எண்ணெயைத் தெளிவதற்காக வெயிலில் வைப்பார்கள் அல்லவா? வெயில் பட்டால் கடலை எண்ணெயில் உள்ள அஃப்ளாடாக்சின் சிதைகிறது என்று மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் வெயில் ஊடுருவும்படி வைக்க வேண்டும். தகர டின்னில் வைத்துப் பயனில்லை. இதையே தானியத்துக்கு நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒளி பருப்புக்குள்ளே போகாது.

புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது என்றேன். பசு அந்த நஞ்சை உண்டால், அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு உருமாறி ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். அதற்கு எம்-1 என்று பெயர். காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகள் எடுத்தது. 368 மாதிரிகளில் இது வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் அதிகம் எந்த மாநிலம் என்று கேட்டால், நம் தமிழ்நாடுதான். 551 மாதிரிகளில் 88. கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இந்தக் குறை கூடுதலாகத் தெரிந்தது என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. பாலில் தண்ணீர் கலந்தால் சண்டை போடுகிறோம். மாடு வைத்திருப்பவரிடம் புண்ணாக்கில் பூஞ்சனம் இருக்கிறதா என்று கேட்டவர் எத்தனை பேர்? கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் சரியாகிவிடும். அவ்வளவு எளிது.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்கள் மக்காச்சோளத்தையும் புண்ணாக்கையும் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு அனுப்பி அஃப்ளாடாக்சின் பார்த்துக்கொள்கிறார்கள். நஞ்சு இருந்தால் முட்டை குறையும், நஷ்டம் உடனே தெரியும். நம் பிள்ளைகள் விஷயத்தில் நஷ்டம் தெரிய முப்பது வருடம் ஆகும். அதனால் யாரும் பார்ப்பதில்லை.

மிளகாய் வற்றலை மண் தரையிலும் ரோட்டிலும் காயப்போடுகிறோம். பனியும் தூறலும் பட்டால் வெளிறிப்போகும், காம்படியில் பூஞ்சனம் வரும். அந்த வெளிறிய வற்றல் முழு வற்றலாக விலை போகாது, தூளாக அரைத்தால் யாருக்கும் தெரியாது. முழு வற்றலாக வாங்கி, காம்பு கிள்ளிப் பார்த்து அரைத்துக்கொள்ளுங்கள். கொப்பரையும் அப்படித்தான். அரிசியைப் பொறுத்தவரை மற்றவற்றைவிட ஆபத்து குறைவு. அதை எண்ணிப் பயப்பட வேண்டாம். ஆனால் டெல்டாவில் அறுவடையும் மழையும் ஒன்றாக வருகிற வருடங்களில் நெல் ஈரத்தோடுதான் வருகிறது. கொள்முதலுக்கு 17 சதவீத ஈரம்தான் வரம்பு. மழை பெய்தால் விவசாயிக்காக அதைத் தளர்த்துகிறார்கள், தளர்த்தத்தான் வேண்டும். நெல்லைக் கெடாமல் வைத்திருக்க 14க்குக் கீழே வர வேண்டும். இடையில் உள்ள ஈரத்தை யாராவது உலர்த்தியாக வேண்டும். உலர்த்தாமல் மூட்டையாகவே கிடந்த நெல்லின் அரிசிதான் முக்கல் வாடையோடு மலிவாக வருகிறது.

சமைத்தால் போய்விடாதா என்று எல்லோரும் கேட்பீர்கள். சோறு கொதிப்பது 100 டிகிரி. அஃப்ளாடாக்சின் சிதைய அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சூடு வேண்டும். வறுத்தால் கொஞ்சம் குறையும், முழுதும் போகாது. மசாலா போட்டால் கசப்பு மறையும், நஞ்சு மறையாது. கடலை தின்னும்போது ஒன்று கசந்தால் துப்பிவிடுகிறோமே, அந்த வழக்கம் சரியானது. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள், விழுங்கச் சொல்லாதீர்கள்.

மளிகைப் பைக்குச் சரக்கு வாங்கப் போகும் தொண்டர்களே, இனிச் சொல்வது உங்களுக்கு. வசூலான தொகை குறைவு, குடும்பங்கள் அதிகம். ஒரு வியாபாரி, "நல்ல காரியத்துக்குத்தானே, பழைய இருப்பு இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்பார். அவருடைய எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். அன்சாரிகளில் சிலர் ஏழைகளுக்கென்று மட்டமான பேரீச்சங்குலைகளைப் பள்ளியில் கொண்டுவந்து தொங்கவிட்டபோது, கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நீங்களே வாங்க மாட்டாத பொருளைத் தர்மத்துக்கென்று தேடாதீர்கள் என்ற கருத்தில் வசனம் இறங்கியதை ஆலிம்கள் விளக்கியிருக்கிறார்கள். நான் ஈரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கையில் ஈரப்பதமானி இருந்தால் நல்லது. சில ஆயிரம் ரூபாய்தான், அறக்கட்டளையே ஒன்று வாங்கி வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் பொடி உப்பும் போதும். பாட்டிலும் உப்பும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மூட்டையின் நடுவிலிருந்து எடுத்த தானியத்தைப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, இரண்டு மூன்று கரண்டி உப்பைச் சேர்த்து, மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்த மூட்டை வேண்டாம். ஒட்டாமல் விழுந்தால் இப்போதைக்கு உலர்ந்திருக்கிறது என்று மட்டும் பொருள். முன்பே நனைந்து பிறகு காய்ந்ததா என்பதை உப்பு சொல்லாது, மூக்குதான் சொல்லும். சாக்கைப் பிரித்தவுடன் முக்கல் வாடை வந்தாலும், அரிசி கட்டி கட்டியாக வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். நல்லெண்ணத்தால் தந்தாலும் திருப்பி அனுப்புங்கள். அதே தொகைக்கு எட்டுக் கிலோ நல்ல அரிசி கிடைத்தால், பத்துக் கிலோ கெட்டதைவிட அதுவே மேல்.

வாங்கியதைப் பள்ளிவாசல் கிடங்கில் சிமெண்ட் தரையிலே போட்டுவிடாதீர்கள். கீழே பலகை, சுவரிலிருந்து ஒரு முழம் இடைவெளி. நோன்புக் கஞ்சிக்கு முப்பது நாளும் அண்டாவைக் கழுவிவிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே அரிசி மூட்டை அடுக்கியிருப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் ஒரு மூட்டை நனைந்தால் உங்களுக்கு நஷ்டம், அது எனக்குத் தெரியும். நனைந்த மூட்டையை நல்ல மூட்டைகளோடு கலந்து பத்து மூட்டையாக்கினால் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. அதை வாங்குகிற பத்து வீட்டுக்குப் பிரிந்து போயிருக்கும், அவ்வளவுதான். நனைந்த அன்றே பிரித்துத் தார்ப்பாயில் கொட்டிக் காயவைத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இரண்டு மூன்று நாள் விட்டால் முடியாது.

வாங்குகிறவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கச் சொல்லலாம். சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். நம் மாநிலத்தில் கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் ஆய்வகங்கள் இருக்கின்றன. மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரைப் பார்த்தால் வழி சொல்வார். ஒரு குடும்பத்துக்கு இது கட்டுபடியாகாது. நூறு மூட்டை வாங்குகிற அறக்கட்டளைக்குக் கட்டுபடியாகும்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு சகோதரி எழுதி அனுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். கெட்ட கடலையை, பூஞ்சனம் பிடித்த அரிசியை என்ன செய்வது, எறிய மனம் வரவில்லை, கோழிக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். கோழிக்கும் போட வேண்டாம், ஆட்டுக்கும் வேண்டாம், வாசலில் வந்து கேட்கிறவருக்கும் வேண்டாம். முறத்தில் புடைத்தால் பொடி மூக்கில் ஏறும், அதனால் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு அள்ளி, கிணற்றுக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் தள்ளி, குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். அது இருந்த டப்பாவைக் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகு புதுச் சரக்கைக் கொட்டுங்கள்.

மற்ற கேள்விகளை இஷாத் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ். உப்பும் பாட்டிலும் கொண்டு வந்திருக்கிறேன். வேண்டியவர்கள் தங்கள் கடையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து வாருங்கள், இங்கேயே பார்த்துவிடலாம்.

வஸ்ஸலாமு அலைக்கும்.